சீப்பில் வராத அரிப்பு

நான் வேலை செய்த சேலைக் கடையில் ஒரு சட்டம் இருந்தது. சேலை விரிக்கிற கை தலைக்குப் போகக் கூடாது. தலையைத் தொட்ட விரலில் எண்ணெய் இருக்கும், அந்த விரல் பட்டில் பட்டால் சேலை அவ்வளவுதான் என்று முதலாளி முதல் நாளே சொல்லிவிடுவார். சொன்னதோடு நிற்கவும் மாட்டார். முன்வாசலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். மூன்று வருடம் அந்தச் சட்டத்தை நான் சிரமமே இல்லாமல் காப்பாற்றினேன். தலை என்று ஒன்று இருப்பதே நினைவில்லாத காலம் அது.

பெரஹரா ஊர்வலத் திருவிழாவுக்கு ஒரு மாதம் இருந்தபோது அது தொடங்கியது. கண்டியில் விடாத மழை. ஒரு சிங்களத் தாயும் மகளும் கல்யாணச் சேலை பார்க்க வந்திருந்தார்கள். முந்தானையை என் தோளில் போட்டு, வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தேன். உச்சிக்குச் சற்றுப் பின்னால், இடது பக்கம், ஒரு பொட்டு அளவு இடம் அரித்தது. சரி, அரிக்கட்டும் என்று விட்டேன். அது விடவில்லை. அந்தப் பெண் கண்ணாடி முன் நின்று யோசித்துக்கொண்டே இருந்தாள். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. அவள் தாய் என்னைப் பார்த்து, தன் மகளின் கல்யாணத்துக்கு நான் உருகுகிறேன் என்று நினைத்து என் கையைத் தட்டிக்கொடுத்தாள். அவர்கள் சேலையை வாங்கிக்கொண்டு போனதும் பின்கட்டுக்கு ஓடிப்போய், சுவரில் சாய்ந்து, பத்து விரலாலும் சொறிந்தேன். சொறிந்து முடித்ததும் அரிப்பு நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன்.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. ஒரு வாரத்தில் அந்தப் பொட்டு இடம் உள்ளங்கை அளவாகியது. தலையைக் குளிர வைத்தால் கொஞ்சம் அடங்கும், காயக் காயத் திரும்பி வரும். சவர்க்காரத்தை மாற்றினேன். சீயக்காய்க்கு மாறினேன். வெந்தயம் அரைத்துப் பூசினேன். வேப்பிலை அவித்த நீர் ஊற்றினேன், அதில் அரிப்பு போகவில்லை, அடுத்த நாள் முழுக்க வாய் கசந்ததுதான் மிச்சம். தலையில் ஊற்றியது வாய்க்குள் எப்படிப் போனது என்று இன்னும் விளங்கவில்லை. கண்ணாடியை முன்னும் பின்னும் பிடித்து வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்தேன். பொடுகு இல்லை, புண் இல்லை, சிவப்பு இல்லை, ஊர்வது எதுவும் இல்லை. ஏதாவது இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். இருப்பதை ஒழித்துக்கட்டலாம். ஒன்றுமே இல்லாத தலை ஓயாமல் அரித்தால் யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது?

சொறியாமல் சொறியும் வித்தைகளில் சீக்கிரமே தேறிவிட்டேன். கொண்டை ஊசி தளர்ந்துவிட்டதுபோல் எடுத்து, அதன் முனையால் ஒரு இழு இழுத்துவிட்டுத் திரும்பக் குத்துவது. மேல் தட்டிலிருந்து சேலைப் பெட்டி எடுக்கும்போது பெட்டியின் மூலையைத் தலையில் அழுத்துவது. பில் எழுதும் பேனை நல்ல உதவி. கொஞ்ச நாளில் அதையும் முதலாளி கவனித்துவிட்டு, "என்ன, பேனைக்கு மை தலைக்குள்ளதான் இருக்கா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவரை அந்தப் பேனையாலேயே குத்தலாம்போல் இருந்தது.

பௌர்ணமிக்கு விடும் ஒரு போயா விடுமுறையில் பிலிமத்தலாவைக்குப் போய், அங்கே ஒரு சிங்கள நாட்டு வைத்தியரைப் பார்த்தேன். அவர் ஒரு போத்தல் எண்ணெய் தந்தார். பூசிய இடம் நெருப்பாய் எரிந்தது, எரிந்த வரைக்கும் அரிப்பு தெரியவில்லை. ஆனால் அந்த வாசம் மூன்று நாள் போகவில்லை. கடையில் ஒரு வாடிக்கைக்காரி மூக்கைச் சேலையால் பொத்திக்கொண்டு வேறு பெண்ணிடம் போனாள். போத்தலைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

கடையாவது பகலோடு போயிற்று. என் உண்மையான பயம் போர்டிங்.

ஹந்தானைக்கு ஏறும் பாதையில் பாதித் தூரத்தில் இருந்தது அந்த வீடு. வீட்டுக்காரி யாழ்ப்பாணத்துக்காரர். கணவர் அரசாங்க உத்தியோகத்தில் மாற்றலாகிக் கண்டிக்கு வந்து, வீடு கட்டி, இங்கேயே இறந்துபோனவர். வீட்டுக்காரியை நாங்கள் ஆன்டி என்போம். மேல்மாடி அறையில் நான்கு கட்டில். வேலைக்குப் போகும் பெண்களுக்கு மட்டும். சுத்தம் என்றால் ஆன்டிக்கு உயிர். துவாய் எந்தப் பக்கம் காய வேண்டும் என்பதற்குக்கூட ஒரு முறை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குப் பின்படிக்கட்டில் தலை பார்ப்பார். ஒவ்வொருத்தியாக அவருக்குக் கீழ்ப்படியில் போய் உட்கார வேண்டும். மடியில் வெள்ளைத் தலையணை உறையை விரித்து, பேன் சீப்பால் அடியிலிருந்து நுனிவரை வாருவார். உறையில் ஏதாவது விழுந்தால் அன்றைக்கே பெட்டி கட்ட வேண்டும். நான் வந்த வருடத்தில் ஒருத்தி அப்படிப் போனாள். அவளுடைய பெட்டியை வாசல்வரை தூக்கிக்கொண்டு போனதே நான்தான்.

எனக்கு அந்தக் கட்டில் வேண்டும். என் வீடு புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை அறை ஒன்றில். அம்மா கொழுந்து எடுத்தார். கடை மூடிய பிறகு அங்கே போய்ச் சேர பஸ் கிடையாது. இருந்தாலும் இறங்கி மூன்று கட்டைத் தூரம் மலையேற வேண்டும். கண்டியில் வேறு அறை தேடலாம் என்று நினைத்துப் பார்த்ததுண்டு. தோட்டத்துப் பிள்ளை என்றதும் அறை இல்லை என்று சொன்ன மூன்று வீடுகளைத் தாண்டித்தான் நான் இங்கே வந்திருந்தேன். வந்தபோது எந்தக் குடும்பம் என்று ஆன்டி கேட்டார். அப்பாவுக்குப் புசல்லாவை டவுனில் கடை என்று சொல்லிவிட்டேன். ஆக, கட்டில் போனால் வேலை போகும். வேலை போனால் தோட்டத்தில் பேர் பதிந்துகொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் கூடையோடு நிற்க வேண்டியதுதான். அம்மா அதைக் கேவலமாக நினைத்ததில்லை. நான்தான் நினைத்தேன்.

பெரஹரா முடிந்த மறுவாரம் நான்காவது கட்டிலுக்கு ஒரு பெண் வந்தாள். பத்தொன்பது வயது. டவுனில் ஒரு கொமினிகேசன் கடையில் வேலை. வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகளோடு பேசத் தாய்மார் வரிசையில் நிற்கும் கடை அது. மூன்று பாஷையிலும் தடுமாறாமல் பேசி லைன் எடுத்துக் கொடுப்பாள். பெட்டியைக் கட்டிலில் வைத்தவள் என் முகத்தையே பார்த்தாள்.

"அக்கா, நீங்க மேல் டிவிஷன் தானே? நாங்க கீழ் டிவிஷன். ஒங்கம்மாவும் எங்கம்மாவும் ஒரே மலையில கொழுந்து எடுத்தவங்க. அப்படியே ஒங்கம்மா மூஞ்சி."

சட்டென்று கதவுப் பக்கம் பார்த்தேன். அறையிலிருந்த மற்ற இரண்டு பெண்களும் குளிக்கப் போயிருந்தார்கள். "இங்க அத பேசாத" என்றேன், கொஞ்சம் கடுமையாகவே. அவள் சரி என்று தலையாட்டினாள். அதன் பிறகு ஒரு தடவைகூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆன்டியின் சீப்புக்கு முன்னால் எங்களுக்குள்ளேயே ஒருமுறை பார்த்துக்கொள்வது வழக்கம். பரீட்சைக்கு முன் ஒருத்தியிடம் ஒப்பிப்பதுபோல. அந்த ஞாயிற்றுக்கிழமை என் பின்னால் அவள் உட்கார்ந்தாள். மெல்லிய விரல். அவசரமே இல்லாமல் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள்.

"ஒன்னுமே இல்லக்கா. இவ்வளவு சுத்தமான தலைய நான் பாத்ததேயில்ல."

"அப்ப ஏன் இப்படி அரிக்குது? ஒன்னரை மாசமா சாகிறேன்."

"தெரியலியே. எங்க அரிக்குதுன்னு காட்டுங்க." காட்டினேன். அவள் அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்தாள். சொறியவில்லை, சும்மா அழுத்தினாள். ஐந்து நிமிடம் இருக்கும். அந்த ஐந்து நிமிடமும் அரிக்கவில்லை. அன்றிலிருந்து நானும் முதலாளி கண்ணில் படாமல் கடையின் பின்கட்டில் அப்படியே செய்யப் பழகினேன். தலைவலிக்காரிபோல் கையை வைத்துக்கொண்டு நிற்பேன். உனக்கு இது யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டதற்கு, தம்பிக்கு அம்மை போட்டபோது செய்தேன் என்றாள்.

ஆனால் வீட்டில் என் கை எனக்கு அடங்கவில்லை. சாப்பாட்டு மேசையில், துணி மடிக்கையில், எனக்கே தெரியாமல் மேலே போய்விடும். ஒரு நாள் ஆன்டி பிடித்துவிட்டார்.

"என்ன பிள்ளை, எந்த நேரமும் தலையிலயே கை?"

"சும்மா அரிக்குது ஆன்டி. பேன் இல்ல. நீங்களே பாத்தீங்களே."

"சும்மா ஏன் அரிக்குது? வாரும், இருந்து பாப்பம்."

அன்று செவ்வாய்க்கிழமை. சீப்பால் நான்கு தடவை வாரினார். உறையில் நாலு முடிதான் விழுந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் வாரினார். என் தலை எரிந்தது. ஒன்றும் இல்லை. ஆன்டியின் முகத்தில் நிம்மதி வரவில்லை, சந்தேகம்தான் கூடியது.

"கண்ணுக்குத் தெரியேல்லை எண்டதுக்காக இல்லை எண்டு சொல்லேலாது" என்றார்.

அன்று மாலையே என் தலையணை தனியாகப் போனது. என் சீப்பில் சிவப்பு நூல் கட்டச் சொன்னார். மற்ற இருவரும், ஒருத்தி வங்கியில் வேலை செய்பவள், மற்றவள் டைப்பிஸ்ட், தங்கள் கட்டில்களைச் சுவரோரம் தள்ளிக்கொண்டார்கள். என்னைக் கண்டால் தாங்களும் சொறிந்தார்கள். ஒருத்தி கொட்டாவி விட்டால் அடுத்தவள் விடுவது மாதிரி அது. ஆனால் அவர்கள் அதைத் தொற்று என்று நம்பினார்கள். ஆன்டியிடம் போய் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. புதியவள் மட்டும் தன் கட்டிலை நகர்த்தவில்லை. எனக்கும் அவளுக்கும் இடையில் ஒரு கை தூரம்தான் இருந்தது.

பெரியாஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். ஏன் போகவில்லை என்று நானே என்னைப் பல தடவை கேட்டிருக்கிறேன். டொக்டர் ஏதாவது பெரிய பெயராகச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டால், அந்தத் துண்டுச்சீட்டே என்னை வெளியே அனுப்பப் போதும் என்ற பயம். அதனால் நாளைக் கடத்தினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கடைக்குக் கிளம்பும்போது ஆன்டி வாசலில் மறித்தார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் என் வாயைக் காட்டியிருப்பேன்.

"மற்றப் பிள்ளையள் பயப்பிடுகினம். நீர் மூண்டு வருசமா இருக்கிறீர், ஒரு நாளும் இப்பிடி இல்லை. இது ஆரிட்டயிருந்து வந்தது? யோசிச்சுச் சொல்லும். இல்லாட்டி இந்த ஞாயிற்றுக்கிழமையோட நான் ஒரு முடிவெடுக்க வேணும்."

யோசிக்க ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. அதுதான் என்னை இன்றுவரை உறுத்துகிறது. பயத்தில் வாய் தவறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளப் பார்த்ததுண்டு, அது பொய். வாய் மிகத் தெளிவாக வேலை செய்தது.

"அந்தப் புதுப் பிள்ளை வந்த பிறகுதான் ஆன்டி இப்படி" என்றேன். "எங்க இருந்து வந்ததோ தெரியல. தோட்டத்துப் பக்கம்னு நெனைக்கிறேன்."

ஆன்டி வழிவிட்டார். நான் படியிறங்கி டவுனுக்கு நடந்தேன். குளத்தோரம் வந்தபோது தலை பயங்கரமாக அரித்தது. நடுரோட்டில் நின்று சொறிந்தேன், யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அவளைத்தான் முதலில் கூப்பிட்டார் ஆன்டி. அவளுக்கு எதுவும் தெரியாது. பின்னலை அவிழ்த்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். இடுப்புக்குக் கீழே விழும் முடி. நான் மேல்படியில் நின்றேன். மற்ற இருவரும் கதவோரம். சீப்பு இறங்கியது. முதல் தடவை ஒன்றுமில்லை. இரண்டாம் தடவையும் ஒன்றுமில்லை. ஏதாவது விழ வேண்டும் என்று வேண்டினேனா, விழக்கூடாது என்று வேண்டினேனா, சத்தியமாக எனக்குத் தெரியாது. மூன்றாம் தடவை ஆன்டி சீப்பை நிறுத்தி, ஒரு முடியை மட்டும் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு இன்னொன்றை.

"ஈர்" என்றார்.

நானும் குனிந்து பார்த்தேன். ஈர்தான். இரண்டு. ஆனால் இரண்டும் முடியின் நடுவில், தலையிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒட்டிக்கொண்டிருந்தன. வெள்ளைக் கோது, வெறும் ஓடு. லயத்தில் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் அது என்னவென்று தெரியும். உயிருள்ள ஈர் தலையோடு ஒட்டி அடியில் இருக்கும், நகத்தில் வைத்து நசுக்கினால் சத்தம் வரும். முடி வளர வளரத் தள்ளிப்போய் நுனிப்பக்கம் நிற்பது காலியான கோது, ஒரு வருடத்துக்கும் மேல் பழசு. எப்போதோ தம்பி தங்கைகளோடு ஒரே பாயில் படுத்தபோது வந்து, எப்போதோ ஒழிந்துபோன பேன் விட்டுப்போன தடம். அதிலிருந்து யாருக்கும் எதுவும் பரவாது. என் அம்மா என் தலையில் நூறு தடவை காட்டிச் சொன்ன விஷயம். ஆன்டிக்கு அது தெரியவில்லை. சொல்லியிருந்தால் ஒரே வாக்கியத்தில் முடிந்திருக்கும்: ஆன்டி, இது பழைய கோது. அதைச் சொன்னால் உமக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். நான் வாயைத் திறக்கவில்லை.

அவள் திரும்பி, ஆன்டியின் விரலிடுக்கில் இருந்ததைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியும். அவள் வாய் திறப்பதைக் கண்டேன். இதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். இது பழசு என்பாள். இந்த அக்காவுக்கு நான் வருவதற்கு முன்னாலேயே அரித்தது, என்னிடமே சொன்னார் என்பாள். இவரும் எங்கள் தோட்டம்தான் என்பாள். மூன்றில் எதைச் சொன்னாலும் நான் முடிந்தேன். தண்ணீர்க் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் என் பக்கம் ஒரு தரம் பார்த்தாள் போலிருந்தது. நான் தரையைப் பார்த்தபடி நின்றேன்.

"சரிங்க ஆன்டி" என்றாள். "நான் போயிர்றேன்."

முடியை அள்ளிக் கட்டிக்கொண்டு மேலே போனாள். பெட்டி கட்ட அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நான் தூக்கித் தரவா என்று கேட்டேன். வேணாம்க்கா, பாரமில்ல என்றாள்.

அவள் போன பிறகு ஆன்டி கட்டிலை வெயிலில் போட்டு, அறை முழுக்க டெட்டோல் தெளித்தார். மற்ற இருவரும் கட்டில்களைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டார்கள். என் அரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. முன்பைவிட மோசம் என்றுதான் சொல்ல வேண்டும். இப்போது நான் சொறிய முடியாது. சொறிந்தால் பொய் வெளியே வரும். குளியலறைக்குள் போய் வாளித் தண்ணீருக்குள் தலையை முக்கிக்கொண்டு நிற்பேன். நான்கு நாளைக்குமேல் முடியவில்லை. ஐந்தாம் நாள் சாப்பாட்டு மேசையில் கை தானாகவே போயிற்று. வங்கிக்காரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

அடுத்த நாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். இளம் டொக்டர், சிங்களவர். விளக்கைக் கிட்டப் பிடித்து, பென்சிலின் பின்பக்கத்தால் முடியைப் பிரித்துப் பிரித்துப் பொறுமையாகப் பார்த்தார். தோல் நன்றாக இருக்கிறது, ஒரு நோயும் இல்லை, சிலருக்குக் காரணம் தெரியாமலே இப்படி அரிக்கும் என்றார். கழுவ ஒரு மருந்து எழுதினார். பேன் இல்லையா என்று கேட்டேன். இல்லை என்றார். யாருக்கும் தொற்றாதா என்றேன். எதை அம்மா தொற்றவைப்பது, இங்கே ஒன்றுமே இல்லையே என்று சிரித்தார். அதை எழுதித் தரச் சொன்னேன். ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு, நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். அதன் பிறகு எத்தனையோ டொக்டர்களைப் பார்த்துவிட்டேன், எல்லோரும் அதே நான்கு வரியைத்தான் வேறுவேறு மாதிரிச் சொன்னார்கள். அரிப்பும் வருடத்தில் சில மாதம் போகும், சில மாதம் வரும்.

ஒரு காலை வேலை. மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால் இதே காலையை நான் செலவழித்திருந்தால் யாரும் யாரையும் காட்டிக்கொடுத்திருக்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்று அந்தத் துண்டை வாசித்தபோது எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஆன்டி துண்டை இரண்டு தடவை வாசித்தார். மற்ற இருவருக்கும் காட்டினார். பிறகு மடித்து அலுமாரிக்குள் வைத்துக்கொண்டார். என் கட்டில் தப்பிவிட்டது. நான் அங்கேயே நின்றேன்.

"ஆன்டி, அந்தப் பிள்ளையால வந்ததில்ல இது. அவ வர்றதுக்கு முன்னாலயே எனக்கு இருந்துச்சு. நான் பொய் சொன்னேன். அந்த ஈரும் பழசு, வெறும் கோது."

சொல்லிவிட்டு, திட்டுவார், போ என்பார் என்று காத்திருந்தேன். ஆன்டி அலுமாரிச் சாவியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

"எனக்குத் தெரியும் பிள்ளை. பெரஹரா பாக்க வந்த என்ர தங்கச்சி உம்மைக் கண்டுட்டு அண்டைக்கே சொன்னவ, மேலை இருக்கிற பிள்ளை தலையைச் சொறிஞ்சுகொண்டே திரியிறா எண்டு. அந்தப் புதுப் பிள்ளை அதுக்குப் பிறகுதானே வந்தவள்."

"தெரிஞ்சுமா அனுப்பினீங்க?"

"நீர்தானே சொன்னனீர்." தலைப்பு முடிச்சை இறுக்கிக்கொண்டார். "மற்ற ரெண்டு பேரும் தாங்கள் போகப்போறம் எண்டு நிண்டவை. ஆரையாவது ஒராளை அனுப்பத்தானே வேணும். நீர் பழகின பிள்ளை. அவளுக்கு விருப்பமெண்டால் திரும்பி வரட்டும். கட்டில் சும்மாதானே கிடக்கு."

ஆன்டிமேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் எந்த வாயை வைத்துக்கொண்டு கோபப்படுவது?

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் புசல்லாவைக்குப் போனேன். மூன்று கட்டையும் ஏறி, எங்கள் லயத்துக்குப் போகாமல் நேரே கீழ் டிவிஷனுக்கு நடந்தேன். அவள் பீலித் தண்ணீர் விழும் கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். முதலில் அடையாளம் தெரியவில்லை. முடி கழுத்தோடு வெட்டப்பட்டிருந்தது. பேன் என்று மகளைத் துரத்திவிட்டார்கள் என்று கேட்டதும் அவளுடைய அம்மா அவமானத்தில் அன்றைக்கே கத்தரிக்கோலை எடுத்துவிட்டாராம். இதையும் அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள்.

"வாங்கக்கா. அம்மாவ பாக்க வந்தீங்களா?"

"ஒன்ன பாக்கத்தான். ஆன்டி ஒன்ன திரும்பி வரச் சொன்னாங்க. கட்டில் அப்படியே இருக்கு."

"வேல போயிருச்சேக்கா. சாயந்திரம் கடைசி பஸ்ஸுக்கு விடச் சொல்லி இங்கிருந்து மூனு நாள் போய்ப் பாத்தேன். பஸ் நேரத்துக்கு வரல, ரெண்டு நாள் கட திறந்த பொறவு போனேன். வேற ஆள் எடுத்துட்டாங்க. இப்ப தோட்டத்துல பேர் பதிஞ்சிட்டேன்." ஒரு சட்டையை எடுத்துக் கல்லில் போட்டாள். கைவிரல்களில் கொழுந்துக் கறை ஏறியிருந்தது.

நான் வரும் வழியெல்லாம் கோர்த்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் உதவவில்லை. "நான்தான் சொன்னேன்" என்றேன். "நீ வந்த பொறவுதான் அரிக்குதுன்னு ஆன்டிகிட்ட சொன்னது நான்தான்."

"தெரியும்க்கா."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. ஆன்டி தலைய பாக்கையில நீங்க என் மூஞ்சிய பாக்கவேயில்ல."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அவள் திட்டியிருந்தால், ஒரு வாளித் தண்ணீரை என் தலையில் ஊற்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "தெரிஞ்சா ஏன் பேசாம இருந்த? அது பழைய கோதுன்னு ஒனக்குத் தெரியாதா? எனக்கு மொதல்லயே அரிச்சது தெரியாதா? நான் எந்த லயம்னு தெரியாதா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நீ தப்பிச்சிருப்பியே!"

அவள் சட்டையைப் பிழிந்து உதறினாள். என்னைப் பார்த்தபோது அந்த முகத்தில் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. கடையில் லைன் கிடைக்கவில்லை என்று ஒரு தாயிடம் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள்.

"எப்படிக்கா தப்பிப்பேன்? என் தலையில ஈரு இருந்துச்சு. சொல்லியிருந்தா ரெண்டு பேரையும் சேத்துல்ல அனுப்பியிருப்பாங்க. ஒருத்தியாவது அங்க இருக்கட்டும்னு நெனச்சேன்."

தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். குடித்தேன். பிறகு மலையிறங்கி, கண்டிக்குப் போகும் பஸ்ஸைப் பிடித்தேன். அடுத்த நாள் திங்கட்கிழமை, கடை திறக்கும். அவள் எனக்காகக் காப்பாற்றிவிட்டுப் போன என் கட்டிலில்தான் அன்றும் படுத்தேன். அங்கிருந்து வெளியேற எனக்கு இன்னும் நான்கு வருடம் ஆனது.